இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு

நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று அமலோற்பவமேரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஒரே ஓர் ஆளுக்குச் சமைக்கத்தான் தெரியாது. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் இது அவளுக்கே பிடிபட்டது.

விக்கிரமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஊருக்கும் பிள்ளைகளுக்கும் அவள் ‘சத்துணவு டீச்சர்’. அரிசி பருப்பை எடை போட்டுக் கொடுப்பது, முட்டை எண்ணி இறக்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. அடுப்படி முழுக்கச் சமையலர் கொளஞ்சியம்மாளின் ராஜ்யம். மதியம் கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிய பிறகு டீச்சருக்கும் ஒரு தட்டு வரும். அது ராத்திரி வரைக்கும் தாங்கும். மிச்ச வேளைகளை அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டதால், அடுப்பு அவள் கைக்கு வரவே இல்லை.

அறுபது முடிந்ததும் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். வரதராஜன்பேட்டையில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் அப்பா சவரியார் விட்டுப்போன ஓட்டு வீடு இருந்தது. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா. மாசம் ரெண்டாயிரம் பென்ஷன். ரேஷனில் அரிசி. திருச்சியில் பேங்கில் வேலை பார்க்கும் தம்பி மரிய ஆல்பர்ட், “பணம் ஏதும் அனுப்பட்டுமாக்கா?” என்று போனில் கேட்பான். “எனக்கென்னடா செலவு? போதும்” என்பாள். பொய்யில்லை. நிஜமாகவே அவளுக்குச் செலவு இல்லை. சாப்பாடே இல்லாதபோது செலவு எங்கிருந்து வரும்?

ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்து அளவையே பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி. தானும் ஒரு பிள்ளை. சாதம் ஒருநாள் குழைந்தது, ஒருநாள் விதை விதையாக நின்றது. சாம்பார் வைத்தால் மூன்று நாளைக்கு வந்தது. மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முருங்கை மூட்டில் ஊற்றும்போது வயிறு எரிந்தது. மெல்ல மெல்லச் சமைப்பதைக் குறைத்தாள். காலையில் டீயும் பன்னும், மதியம் கொஞ்சம் மோர் சாதம், ராத்திரி பிஸ்கட். சிலிண்டர் எட்டு மாசம் வந்தது. சிக்கனமாக வாழ்கிறோம் என்று அதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டு எழுந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். மறுநாள் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த சின்ன வயசு டாக்டரம்மா, “வேளா வேளைக்கு என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டாள். “டீ, பன்னு…” என்று கூச்சத்தோடு இழுத்தாள் அமலோற்பவம்.

“நோய்னு ஒண்ணும் இல்லம்மா. உடம்புல ரத்தம் இல்ல. சோறு சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க. மாத்திரை எழுதியிருக்கேன். ஆனா சோறுதான் மருந்து.”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட உத்தியோகம் பார்த்துவிட்டு இப்படி ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு வந்தோமே என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது யாரோ எதிரே வந்து நின்றார்கள்.

“டீச்சர்! என்னா டீச்சர், பாதியாப் போயிட்டீங்க?”

கொளஞ்சியம்மாள். கையில் பையும் பைக்குள் கீரைக்கட்டுமாக நின்றாள். சர்டிபிகேட்படி இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே மாசத்தில் ஓய்வு. நிஜத்தில் கொளஞ்சி மூன்று நாலு வயசு மூத்தவள். சம்பளம் வாங்கியபோது இருவருக்கும் வித்தியாசம் உண்டு. பென்ஷனில் அதுவும் இல்லை. அதே ரெண்டாயிரம்தான் அவளுக்கும்.

கொளஞ்சி வேலைக்கு வந்த புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. அவள் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஊரில் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். அமலோற்பவம் அவர்களோடு வாதாடவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், “எனக்கு முதல்ல போடு கொளஞ்சி” என்று வாங்கி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கொளஞ்சி அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை. ஆனால் அதற்கப்புறம் டீச்சர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

சீட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கொளஞ்சி டீச்சரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“எனக்கு நேர்மாறு டீச்சர். எங்கூட்டுல நாலு பேரு. மருமவ சமைச்சுடுறா, நல்லாத்தான் சமைக்கிறா. நா அடுப்பாண்ட போனா, ‘நீங்க ஒக்காருங்கத்த’ங்கறா. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் எதுல ஒக்கார்றது? இந்தா, ஆஸ்பத்திரிக்கு வந்த சாக்குல கீர வாங்கிட்டுப் போறேன். அத ஆயுறதுக்கும் அங்க ஆளு இருக்கு.”

பேச்சுவாக்கில் வந்ததுதான். பொம்பளைகளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. கொளஞ்சியின் ஊரிலிருந்து வரதராஜன்பேட்டைக்கு அரை மணிநேரம். “நாளைக்கு வந்து ஒருவேள ஆக்கித் தரேன், நீங்களும் சாப்புடுங்க, நானும் சாப்புடுறேன்” என்றாள். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தவள் அடுப்படியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அரிசியில் வண்டு. பருப்பு டப்பாவில் இரண்டு வருஷத்துப் பருப்பு.

அரிசியை வெயிலில் கொட்டிப் புடைத்தாள். கொல்லையில் மூன்று கல் கூட்டி முந்திரிச் சுள்ளியைப் பொறுக்கிப் போட்டு உலை வைத்தாள். முருங்கைக்கீரையை உருவி, பருப்பும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு கூட்டு. புளியில்லாமல் ஒரு ரசம். பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே தட்டு வைத்து உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். சாப்பிட்டு முடித்ததும் கண் சொருகியது. பாயை விரித்துப் படுத்தவள் நாலு மணிக்கு எழுந்தாள். கொளஞ்சி வாசற்படியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

அப்படி ஆரம்பித்து அது தினமும் என்றானது. ரேஷன் அரிசியில் இட்லிக்குப் போட்டார்கள். வியாழக்கிழமை சந்தையில் சாயங்காலம் கூறு கட்டிக் கொடுக்கும் கத்திரிக்காயை வாங்கினார்கள். மழைக்குப் பிறகு வயல் வரப்பில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைத்தபோது, கொளஞ்சி எது எதென்று காட்ட, அமலோற்பவம் குனிந்து பறித்தாள். இரண்டு பெட்டைக்கோழி வாங்கினார்கள். ஒருத்திக்கு வாங்கினால் அழுகிப்போவது இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது. தை மாசத்தில் மறுபடி ரத்தம் பார்த்தபோது, “என்னம்மா பண்ணீங்க?” என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாள்.

அந்தத் தை மாசத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மரிய ஆல்பர்ட்டும் அவன் மனைவி ஏஞ்சல் மேரியும் சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார்கள். சரியாகச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் இரண்டு தட்டும் வைத்தாகிவிட்டது. கொளஞ்சி கை கழுவக் கொல்லைக்குப் போயிருந்தாள்.

கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அமலோற்பவம் எழுந்தாள். எழுந்தவள் தன்னையறியாமல் கொளஞ்சியின் தட்டை எடுத்து, அடுப்படிக்குள் கொண்டுபோய் அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கொளஞ்சியின் அம்மா இந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள், கூலியை வாசலுக்கு வெளியே நின்று மடியில் வாங்கிப் போனவள். அவள் எந்த வீட்டுக்குள்ளும் வந்ததை அமலோற்பவம் பார்த்ததில்லை. அதெல்லாம் தனக்கு மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

“வாசனை தெருவரைக்கும் வருது. சமையலுக்கு ஆள் வச்சுட்டீங்களா அண்ணி?” என்றாள் ஏஞ்சல் மேரி. “நல்லதாப் போச்சு. என்ன குடுக்கறீங்க?”

“ஆமா. பள்ளிக்கூடத்துல இருந்தவதான். ஏதோ குடுக்கறேன்” என்றாள் அமலோற்பவம்.

கொல்லைக் கதவருகே கொளஞ்சி ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

அவள் உள்ளே வந்து இன்னும் கொஞ்சம் அரிசி களைந்து போட்டாள். மூன்று பேருக்கும் பரிமாறினாள். ஆல்பர்ட் மீன்குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டு, “பிரமாதம்மா” என்றான். கார் கிளம்பிப் போனதும் கொளஞ்சி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, “வரேன் டீச்சர்” என்று இறங்கிப் போனாள். அம்மிக்குப் பக்கத்தில் அவள் தட்டு வைத்தபடியே இருந்தது. அதில் ஒரு பருக்கைகூட விழவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று அமலோற்பவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் டீக்கடைக்குப் போய் ஒரு பன்னைக் கையில் வாங்கியவள், அதைத் திரும்பக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு நேராகப் பஸ் ஏறினாள்.

முப்பத்தோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தும் கொளஞ்சியின் வீட்டுக்கு அவள் போனதே இல்லை. பஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் போனாள். சின்னக் காரை வீடு. மகன் வீரமணி சிமெண்ட் லாரி ஓட்டப் போயிருந்தான். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த பேத்தி மணிமொழி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“எதுக்கு டீச்சர் இம்மாந்தூரம் வந்தீங்க? சம்பளம் குடுக்கவா?”

அமலோற்பவத்துக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே, “பொய் சொல்லிட்டேன் கொளஞ்சி. தப்புதான்” என்றாள்.

“பொய் சொன்னா சொல்லிட்டுப் போங்க. வாய் இருக்கிறவங்க நாலு பொய் சொல்லுவாங்க. தட்ட எடுத்து உள்ள வச்சீங்களே, அது பொய் இல்லியே.” ஒரு சுள்ளியைப் படீரென்று ஒடித்தாள். “அன்னிக்கு நூறு பேரு முன்னால எங்கையால வாங்கித் தின்னீங்க. நா அத மறக்கல. இன்னிக்கு உங்கூட்டு ஆளுங்க ரெண்டு பேரு முன்னால முடியல.”

“அன்னிக்கு எம்பின்னால கவர்மெண்டு இருந்துச்சு. ரிஜிஸ்டர் இருந்துச்சு. யாராவது கேட்டா இது சட்டம்னு சொல்லலாம்” என்றாள் அமலோற்பவம். “வூட்டுல நா மட்டும்தான். அங்க எனக்குத் தைரியம் இல்லன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.”

கொளஞ்சி கட்டி வைத்த சுள்ளியைச் சுவரோரம் சாத்தினாள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, “டீச்சருக்குக் கூழு கரைச்சுக் கொண்டா” என்றாள். கம்பங்கூழும் சுட்ட மிளகாயும் வந்தன. அமலோற்பவம் இப்போது நாற்காலியை நகர்த்திவிட்டு, கொளஞ்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தாள். பசித்த பசிக்கு இரண்டாவது செம்பும் குடித்தாள்.

“நாளைக்கு வருவியா?” என்று கேட்டாள்.

“வரமாட்டேன்.” கொஞ்சம் விட்டு, “வெள்ளிக்கிழம வரேன். ஆனா அன்னிக்கு நீங்க ஆக்கி வைக்கணும். நா ஒக்காந்து சாப்புடுவேன்.”

“எனக்குத்தான் ஆக்கத் தெரியாதே.”

“ஆக்குறவளுக்குப் பக்கத்துல முப்பது வருஷம் குந்தியிருந்தீங்க. கண்ணு எங்க இருந்துச்சு?”

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அமலோற்பவம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பருப்பு ஒருதடவை அடிப்பிடித்தது, கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். கொளஞ்சி வந்து கூடத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். உதவிக்கு எழுந்திருக்கவில்லை. தட்டு வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. சாப்பிட்டாள். அமலோற்பவம் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“புளி ஜாஸ்தி” என்றாள் கொளஞ்சி. “பொரியல்ல உப்பு இல்ல. ரசம் பரவால்ல.” தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். “யாராவது ஆக்கிப் போட்டு நா ஒக்காந்து தின்னது எங்கம்மா இருந்தப்ப. மருமவ போடுவா, ஆனா அவ முகத்தப் பாத்துப் பாத்துத் திங்கணும். நீங்களும் ஒக்காருங்க டீச்சர், ஆறிப்போவுது.”

அன்றைக்குச் சாயங்காலமே அமலோற்பவம் தம்பிக்குப் போன் போட்டாள். கொளஞ்சி வேலையாள் இல்லை, தன்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவள், தான் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “இதச் சொல்லவா போன் பண்ணுன?” என்றான் ஆல்பர்ட். “சரிக்கா. உனக்கு ஒடம்பு தேறியிருக்கு. அத நா பாத்தேன்.”

ஈஸ்டருக்கு அவர்கள் வந்தபோது கூடத்தில் நாலு தட்டு இருந்தது. ஏஞ்சல் மேரிக்கு அன்றைக்கு வயிறு சரியில்லையாம், கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். அமலோற்பவம் வற்புறுத்தவில்லை. கோழிக்குழம்பில் இருந்த ஈரலை எடுத்துக் கொளஞ்சியின் தட்டில் வைத்தாள். ஆல்பர்ட் அதைப் பார்த்துவிட்டு, “எனக்கு இல்லியா?” என்று கேட்டுச் சிரித்தான்.

வைகாசியில் கொளஞ்சி டீச்சர் வீட்டிலேயே தங்க வந்துவிட்டாள். மணிமொழி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், வீட்டில் அவளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்பது சொன்ன காரணம். வீரமணிக்கு மனசில்லை. “அம்மாவ வச்சுச் சோறு போடலன்னு ஊர்ல பேசுவாங்க” என்று வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு இறங்காமலே பேசினான். கொளஞ்சியின் பெட்டி இன்னும் வண்டியில் கட்டியபடி இருந்தது.

“எனக்கு யாருடா சோறு போடணும்? நா கவர்மெண்டு பென்ஷன் வாங்குறவ” என்றாள் கொளஞ்சி. “எறங்கி வந்து சாப்புடு. இன்னிக்கு டீச்சர் சமையல். நல்லாருக்கும்னு நா சொல்லல.”

அவன் இறங்கி வந்து சாப்பிட்டான். போகும்போது கொல்லையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் மாசம் இரண்டு தடவை மகனோ பேத்தியோ வருகிறார்கள். கொளஞ்சியும் நினைத்தால் பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறாள்.

‘டீச்சர்’ என்று கூப்பிடுவதை மட்டும் அவளால் விட முடியவில்லை. நாக்கு பழகிவிட்டது. அமலோற்பவம்தான் மாறினாள். ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்கும்போது வாயில் ‘அக்கா’ என்று வந்தது. கொளஞ்சி கவனிக்காதவள் போல எடுத்து நீட்டினாள்.

வருஷத்துக்கு இரண்டு பயணம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்று ஏலாக்குறிச்சி மாதாவுக்கு. இன்னொன்று சிறுவாச்சூர் அம்மனுக்கு. இந்த ஆடியில் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலையில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பி, அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். கோவிலில் நல்ல கூட்டம். கொளஞ்சி உள்ளே போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வரும்வரை, அமலோற்பவம் வெளியே வேப்பமர நிழலில் இரண்டு ஜோடிச் செருப்புக்கும் காவலாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகக் கூடாது என்றில்லை. அவளுக்கு அது பழக்கமில்லை, அவ்வளவுதான். ஏலாக்குறிச்சியில் கொளஞ்சியும் அப்படித்தான், மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வெளியே வந்து நின்றுகொள்வாள்.

ரோட்டோரம் சின்ன வெங்காயம் குவித்துப் போட்டு விற்றார்கள். கொளஞ்சி பேரம் பேசிப் பேசி, கடைசியில் இரண்டு பேராலும் தூக்க முடியாத அளவுக்கு வாங்கிவிட்டாள்.

“இவ்வளவு எதுக்குக்கா? ரெண்டு பேருதானே?”

“நெழல்ல பரப்பி வச்சா தீவாளி வரைக்கும் கெடக்கும். புடிங்க அந்தப் பக்கம்.”

மூட்டையின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் கீழே வைத்து, நின்று, சிரித்து, மறுபடி தூக்கி, ஒரு வழியாகப் பெரம்பலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். பஸ் வந்ததும் கண்டக்டர் இறங்கி மூட்டையை ஏற்றிக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த கொளஞ்சி எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். அமலோற்பவம் கட்டியது. ஒரு வாய் போட்டு மென்றாள்.

“எப்படி இருக்கு?”

“உப்பு சரியா இருக்கு” என்றாள் கொளஞ்சி. பொட்டலத்தை நடுவில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.